ஏற்காட்டில் வேலை, சேலத்தில் வீடு: அட்மிட் ஆகாமல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்க் குடியை நிறுத்த முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. குடும்பம் கன்னங்குறிச்சியில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கீழே இறங்க முடியும். தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர், சம்பள நாளில் அதற்கும் மேல். அட்மிட் ஆக லீவு கிடையாது. சேலத்தில் ஏ.ஏ. கூட்டம், அதாவது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் கூட்டம், எங்கே நடக்கிறது, போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது முகவரியைத்தான். ஆனால் வேலையும் போகாமல், மானமும் போகாமல், ஆஸ்பத்திரியில் படுக்காமல் இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. பலருக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கலாம். குடிநோய் ஆலோசனையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் வரிசையாகச் சொல்கிறேன். அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கூட்டத்துக்கு முன்னால் உடம்பைக் கவனிக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை மீட்டிங், அதனால வெள்ளிக்கிழமையோட விட்டுட்டேன்" என்று வைராக்கியமாகக் கிளம்புகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் இதற்குப் பழகிய மூளை, திடீரென்று நிறுத்தினால் தாறுமாறாக விழித்துக்கொள்ளும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு இடம் பொருள் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று முற்றும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது. நிறையப் பேர் இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் புரண்டு எழுந்துவிடுகிறார்கள். யாருக்கு எது வரும் என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: காலையில் டீ டம்ளரைப் பிடிக்கும்போது கை ஆடுகிறதா? கண் விழித்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் உடம்பு நிலைக்கு வருகிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா? சர்க்கரை, கல்லீரல், இதயத்தில் கோளாறு உண்டா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மலை மேல் தனி ரூமில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். டாக்டரைப் பார்க்கும்வரை குடியைத் திடீரென்று வெட்டவும் வேண்டாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டு வலிப்போ குழப்பமோ வந்தால் 108 தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டாக்டர் என்றால் உடனே அட்மிஷன் என்று பயப்படாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. காலை நேரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிரயோஜனமில்லை. ஞாயிறு ராத்திரி வீட்டில் தங்கி, திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட்டு, காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். பாதிப்பு லேசாக இருந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரம் பத்து நாளில் முடிக்கும் சிகிச்சையை வீட்டிலிருந்தே எடுக்க டாக்டர் சொல்லலாம். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். இந்த நாட்களில் மலையில் தனியாக இருக்கக் கூடாது, அந்த மாத்திரையோடு மதுவையும் சேர்க்கக் கூடாது, 20 கொண்டை ஊசி வளைவில் பைக்கும் ஓட்டக் கூடாது. உடம்பு தள்ளாடுகிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. தினமும் குடிக்கிறவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் ஆபத்து இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன்பே "நான் தினமும் குடிக்கிறவன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி கூட்டம். முகவரியை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஏ.ஏ. குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சர்ச் வளாகத்து அறை, பள்ளிக்கூட வகுப்பு, சமூகக்கூடம் என்று யாராவது கொடுக்கும் இடத்தில் மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போவார்கள். பரீட்சையோ திருவிழாவோ வந்தால் இடமும் நேரமும் மாறும். பழைய முகவரியைப் பிடித்துப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்து, பக்கத்து டாஸ்மாக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு. முதல் தடவையே அப்படி ஆனால் இரண்டாம் தடவை கிளம்ப மனசு வராது. அதனால் ஆளைப் பிடியுங்கள், ஆள் இடத்தைக் காட்டுவார்.

ஆளைப் பிடிக்க நல்ல இடம் அதே மனநல ஓ.பி. தான். டாக்டருக்கு நேரமிருக்காது, அங்கிருக்கும் ஆலோசகரிடமோ சமூகப் பணியாளரிடமோ "ஏ.ஏ. குரூப்ல யாராவது ஒருத்தரோட நம்பர் கிடைக்குமா" என்று கேளுங்கள். சிகிச்சை தருகிறவர்களுக்கும் குழுக்களுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்கும். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தொடர்பு விவரங்கள் தருகிறார்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மன உளைச்சலும் சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். சர்ச் அறிவிப்புப் பலகைகளையும் ஒரு பார்வை பாருங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர் தயங்க வேண்டியதில்லை. இடம்தான் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல.

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. சேலம், ஏ.ஏ. என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரமாக இருக்கலாம். ஃபோனை எடுத்ததுமே "மாசம் எவ்வளவு கட்ட முடியும்", "அட்ரஸ் சொல்லுங்க, வண்டி அனுப்பறோம்" என்றால் அது ஏ.ஏ. இல்லை. ஏ.ஏ. கட்டணம் வாங்காது, வண்டி அனுப்பாது, யாரையும் அடைத்து வைக்காது. முறையாக நடக்கும் நல்ல மையங்களும் இருக்கின்றன. அவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நோயாளியை வீட்டுக்குப் பேசவே விடாத இடமும், "அடிச்சுத் திருத்திடுவோம்" என்று பெருமை பேசும் இடமும் வேண்டவே வேண்டாம்.

நம்பர் கிடைத்ததும் சாயங்காலத்தில் கூப்பிடுங்கள். பெரும்பாலோர் பகலில் வேலையில் இருப்பார்கள். பெயரைச் சொல்ல வேண்டும் என்றில்லை. "குடியை நிறுத்தணும்னு இருக்கேன், கூட்டத்துக்கு வரலாமா" என்ற ஒரு வரி போதும். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணி, பஸ்ஸில் வந்தால் எந்த ஸ்டாப், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, வாசலில் யார் நிற்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். போகும் அன்று மத்தியானம் இன்னொரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்காட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் கடைசி பஸ்ஸை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் கூட்டம் முழுக்க மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். சுமார் 1 முதல் 1½ மணி நேரம். நாற்காலிகள், ஒரு மேசை, குடியை விட்டு மீள்வதற்கான 12 படிகளும், குழு எப்படி நடக்க வேண்டும் என்ற 12 மரபுகளும் எழுதிய தட்டியோ துணியோ, சில புத்தகங்கள், பெரும்பாலும் டீ. ஒருவர் நடத்துவார், அவர் தலைவரல்ல, அந்த வாரத்துப் பொறுப்பாளர், அவ்வளவுதான். சிறிது மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்ற அறிமுக வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, குடித்த காலத்தையும் நிறுத்திய விதத்தையும் சில நிமிடம் பேசுவார்கள். குறுக்கே கேள்வி கேட்பதோ, அறிவுரை சொல்வதோ, விவாதிப்பதோ வழக்கமில்லை. "புதுசா யாராச்சும் வந்திருக்கீங்களா" என்று கேட்டால் கையைத் தூக்கினால் போதும். பேசக் கூப்பிட்டால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி உட்காரலாம்; யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிநோயாளி என்ற வார்த்தை முதல் நாளிலேயே உங்கள் வாயில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே போடும் காசு அது. புதியவர் போட வேண்டியதில்லை.

பிரார்த்தனையும், படிகளில் வரும் கடவுள் என்ற சொல்லும் சிலருக்கு முள்ளாகக் குத்தும். 1944 இல் திராவிடர் கழகம் பெயர் சூட்டிக்கொண்ட ஊர் இது. அந்த மரபில் வளர்ந்தவர் இந்தக் காரணத்துக்காகவே எழுந்து போவதும் நடக்கிறது. படிகளிலேயே "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்றுதான் இருக்கிறது. அந்த அறையில் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். பிரார்த்தனையின்போது சும்மா நின்றால் போதும்.

யாராவது பார்த்துவிட்டால்? மூடிய கூட்டத்தில் உங்களைப் பார்ப்பவர் தானும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேடு வழக்கமில்லை, ஆதார் கேட்பதில்லை, எஸ்டேட்டுக்குத் தகவல் போகாது. இங்கே பார்த்தவர் யார், கேட்டது என்ன என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அடிப்படை மரபு. ஆனால் அது மரபுதான். டாக்டருக்கு உள்ளதுபோல் சட்டக் கடமை அல்ல. அதனால் வழக்கு, பணத் தகராறு, இன்னொருவர் பெயர் கெடும் சங்கதி இவற்றையெல்லாம் கூட்டத்தில் கொட்டாமல், நம்பிக்கை வந்த ஒருவரிடம் தனியே பேசுங்கள். உண்மையில் பெயர் கசிய வாய்ப்புள்ள இடம் வாட்ஸ்அப் குரூப். உங்களைச் சேர்த்த நிமிடமே உங்கள் நம்பரும் புகைப்படமும் எல்லாருக்கும் தெரியும். "இப்ப வேண்டாம், ஃபோன்ல பேசிக்கலாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர்வதானால் முதலில் படத்தை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: முதல் கூட்டத்திலிருந்து நீங்கள் எடுத்துவர வேண்டியது இரண்டு மூன்று பேருடைய ஃபோன் நம்பர். வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் கூட்டம்; மீதி 166 மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் மலையில் இருப்பீர்கள். அந்த நேரத்தைத் தாண்ட வைப்பது அந்த நம்பர்கள். கூட்டம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். டீ குடிக்கும் பத்து நிமிடம் நில்லுங்கள். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, முடிந்தால் உங்களைப் போலவே தனியாகத் தங்கி வேலை பார்த்தவராக ஒருவரைப் பாருங்கள். மறுநாளே கூப்பிடுங்கள், குடிக்க ஆசை வராத நேரத்தில். சும்மா இருக்கும்போது பேசிப் பழகாத நம்பரைத் தவிப்பு வந்த நேரத்தில் விரல் அழுத்தாது. பிறகு அவரையோ வேறொருவரையோ ஸ்பான்சராக, அதாவது 12 படிகளில் உங்களைக் கைபிடித்து அழைத்துப் போகிறவராகக் கேட்கலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. காலையில் இறங்கி வந்து மாலைக் கூட்டத்துக்குக் காத்திருக்கிறீர்கள். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. நாட்டுக்கே வழிகாட்டுவதுபோல் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான். கடை இருக்கலாமா கூடாதா என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. அது எப்படி முடிந்தாலும், உங்களுக்கு அந்த 12 மணியிலிருந்து கூட்டம் வரைக்குமான நேரத்துக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பசியோடும் களைப்போடும் இருக்கும்போது ஆசை வேகமாக ஏறும், கோபமும் தனிமையும் அப்படித்தான். கையில் பஸ் காசு மட்டும் வையுங்கள். சம்பளம் வந்த அன்றே பணம் வீட்டுக்குப் போய்விடட்டும். ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய கூட்டாளிகள் நிற்பார்கள் என்றால் வேறு வழியில் வாருங்கள். மலையில் இருக்கும் நாட்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன, தமிழிலும் நடக்கின்றன. கேமராவை அணைத்து, குரல் மட்டும் வைத்தால் சுமாரான சிக்னலிலும் ஓடும். புதியவர்களுக்கு 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வார்கள். உங்கள் நிலைமையில் நேரில் வாரம் ஒன்று, ஆன்லைனில் இரண்டு மூன்று, தினமும் ஒரு ஃபோன் என்றால் அதற்குக் கிட்டத்தட்ட ஈடாகும் என்பது என் கணிப்பு. குடிப்பிரச்சினை உள்ள இரண்டு மூன்று பேர் நிறுத்துவதற்காகக் கூடினாலே அது ஒரு குழு என்று ஏ.ஏ. மரபு சொல்கிறது. ஏற்காட்டிலேயே உங்களைப் போல இன்னும் இருவர் கிடைத்தால், சேலம் குழுவின் துணையோடு அங்கேயே தொடங்கிவிடலாம்.

எங்கே கோளாறாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். "அவங்க அளவுக்கு நான் குடிக்கலையே, வேலை போகலையே" என்று ஒப்பிட்டுக்கொண்டே வீடு திரும்புவது முதல் பொறி. அவருக்கு வேலை போன கதையை விட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணுன்னு தொடங்கி நிறுத்த முடியல" என்ற வரி உங்களுக்கும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். ஒரே கூட்டத்தில் முடிவு செய்யாதீர்கள். ஆறு கூட்டமாவது போங்கள், பிடிக்காவிட்டால் வேறு குழுவைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கூட்டத்தில் பழகியவரிடம் கைமாற்று வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். சீட்டு, பாலிசி என்று பேச்சு வந்தால் நகர்ந்துவிடுங்கள். யாராவது "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்து" என்றால் கேட்காதீர்கள். உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. வெளியீடே சொல்கிறது. மறுபடி குடித்துவிட்டால், பெரும்பாலோர் வெட்கப்பட்டு அடுத்த கூட்டத்தைத் தவிர்க்கிறார்கள். தவறாமல் போக வேண்டியது அந்தக் கூட்டத்துக்குத்தான். குடித்த நிலையில் போனாலும் அமைதியாகப் பின்னால் உட்கார்ந்தால் பொதுவாக விரட்ட மாட்டார்கள்.

இதனால் உண்மையில் பலன் உண்டா? 2020 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ. வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து 42 சதவீதம் பேர் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். இதை நான் நம்பகமானதாக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. நம் ஊர்க் குழுக்களுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் எப்போதாவது குடித்திருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. கூட்டம் பலிக்காவிட்டால் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, தனி ஆலோசனை இருக்கிறது, உள்நோயாளி சிகிச்சை இருக்கிறது. கூட்டத்துக்குப் போய்க்கொண்டே மருந்தும் எடுக்கலாம்.

கடைசியாக உங்கள் மனைவியின் யோசனை. அவர் கேள்விப்பட்டிருப்பது அநேகமாக டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டிருப்பவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறலாம், இறப்பும் நேர்ந்திருக்கிறது. அதன் தாக்கம் மாத்திரையை நிறுத்திய பின்னும் 2 வாரம் வரை இருக்கும். குடிக்கிறவருக்குத் தெரிந்து, சம்மதித்து, பரிசோதனை செய்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்து டாக்டர் தொடங்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால், சம்பள நாள் ராத்திரி மலை மேல் நீங்கள் சுருண்டு விழும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கூடப் புரியாது. இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது. குடிக்கிறவரின் குடும்பத்தாருக்கானது, 1951 இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. நீங்கள் கூட்டத்துக்குப் போனீர்களா என்று ஏ.ஏ. நண்பருக்கு ஃபோன் போட்டு விசாரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். திறந்த கூட்டம் நடக்கும் நாளில் இருவருமாகப் போய்வாருங்கள். அல்-அனான் தொடர்பு எண்ணையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.